பிரிஸ்கா சொன்ன இரண்டு வார்த்தை

1

போன வாரம் என் மகள் ஹன்னாவின் வகுப்பறையில் நின்று, இந்த நாட்டுக்கு வந்த நாளிலிருந்து நான் வதந்திகளைத்தான் ஆராய்ந்து வருகிறேன் என்று அறிவித்தேன். பிள்ளைகள் மேஜையில் கவிழ்ந்து சிரித்தார்கள். ஆசிரியைகூட உதட்டைக் கடித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

நான் சொல்ல வந்தது வேறு. கட்டடம் கட்டும்போது சுற்றிலும் சவுக்குக் கம்பு நட்டுக் கயிற்றால் பிணைப்பார்களே, சாரம், அதற்கு ஜெர்மன் மொழியில் ‘கெரூஸ்ட்’ என்று பெயர். வதந்திக்கு ‘கெரூஷ்ட்’. இந்த இரண்டுக்கும் நடுவில் என் ஆம்பூர் நாக்கு இன்றைக்கும் தடுக்கி விழுகிறது. உடம்பின் செல்களுக்குள் இருக்கும் சாரப் புரதங்களை ஆராய்வது என் வேலை. என் வாயில் அவை வதந்திப் புரதங்களாகிவிட்டன.

பெற்றோர் தங்கள் தொழிலைப் பற்றிப் பேச வேண்டிய நாள் அது. எனக்கு முன்னால் வந்த தீயணைப்பு வீரர் தன் தலைக்கவசத்தைப் பிள்ளைகளின் தலையில் மாட்டிவிட்டு, எல்லோருடைய அன்பையும் அள்ளிக்கொண்டு போயிருந்தார். நான் கரும்பலகையில் படம் போட்டு ஒருவழியாக முடித்தேன். கடைசியில் ஒரு பையன் கையைத் தூக்கினான்.

“அந்தப் புரதம் இல்லாவிட்டால் என்ன ஆகும்?”

“எலிகளில் பார்த்திருக்கிறார்கள். குட்டி கருவிலேயே இறந்துவிடும்.”

“மனிதர்களுக்கு?”

அது இன்னொரு நாள் பேச வேண்டிய கதை என்று சொல்லிவிட்டு சாக்பீஸைக் கீழே வைத்தேன்.

வீட்டுக்கு வரும் வழியில் ஹன்னா எனக்கு முன்னால் வேகமாக நடந்தாள். அவளுக்குப் பன்னிரண்டு வயது. தோழிகள் யாராவது பார்க்கும் தூரத்தில் இருந்தால் என்னோடு சேர்ந்து நடக்கமாட்டாள். பாலத்தைத் தாண்டியதும் நின்று திரும்பினாள். அவளுக்குத் தமிழ் புரியும். பதில் மட்டும் ஜெர்மனில்தான் வரும்.

“அவன் மனிதர்களைப் பற்றிக் கேட்டானே, நீ ஏன் பிரிஸ்காவைப் பற்றிச் சொல்லவில்லை?”

“நேரம் இல்லை.”

“நேரம் இருந்தது,” என்றாள் ஹன்னா.

பிரிஸ்கா என் அக்கா மகள். அன்று வகுப்பறையில் சொல்லாததை இங்கே எழுதுகிறேன். தமிழில் எழுதினால் நாக்கு தடுக்காது என்று நினைத்துத்தான் ஆரம்பித்தேன். இந்த முதல் பக்கத்துக்கே மூன்று நாள் ஆகிவிட்டது.

2

எங்கள் அப்பா ஆம்பூரில் மிஷன் பள்ளிக்கூட வாத்தியார். நாங்கள் இரண்டு பெண்கள். மூத்தவள் குளோரி, அடுத்து நான், ஷீலா. அக்காவை அப்பா தன் தங்கை மகன் சாமுவேலுக்கே கட்டிக்கொடுத்தார். “வெளியில குடுத்தா எவன் எப்படி வெச்சிருப்பானோ, சாமுவேல்னா நான் தூக்கி வளத்த புள்ள” என்பது அவர் கணக்கு. அது தப்பாகவும் போகவில்லை. சாமுவேல் மாமா அக்காவை ஒரு வார்த்தை கடிந்து பேசி நான் கேட்டதில்லை.

மாமாவுக்கு ஒரு டேனரியில், தோல் பதனிடும் ஆலையில், வேலை. பெரிய மர டிரம்களுக்குள் தோலையும் குரோம் உப்பையும் தண்ணீரையும் போட்டுச் சுழற்றும் பகுதி. ஆட்டுத்தோல் உள்ளே வெள்ளையாகப் போய் வெளிர்நீலமாக வெளியே வரும். மாமாவின் விரல் நுனிகளும் நகக்கண்களும் எப்போதும் அந்த நிறம்தான். சாப்பிட உட்காரும் முன் எலுமிச்சைத் தோலால் தேய்த்துத் தேய்த்துக் கழுவுவார். நிறம் போகாது.

அவர்கள் வீடு பாலாற்றை ஒட்டிய ஒரு தெருவில். தெருவில் பாதி கிறிஸ்தவர்கள், பாதி முஸ்லிம்கள். எல்லோருக்கும் பொதுவாக இருந்தது கெட்டுப்போன தண்ணீர். கிணற்றுத் தண்ணீரில் டீ போட்டால் பால் திரிந்துவிடும். சோறு மஞ்சளாக வேகும். லாரித் தண்ணீர் வரும் நாளில் குடங்கள் தெருமுனை வரை நிற்கும். அந்தத் தண்ணீரைக் கெடுத்த தொழிலில்தான் தெருவே சாப்பிட்டுக்கொண்டிருந்ததால், அதைப் பற்றி யாரும் ரொம்ப நாள் சத்தமாகப் பேசவில்லை.

பிரிஸ்கா பிறந்தபோது நான் வேலூரில் படித்துக்கொண்டிருந்தேன். துறுதுறுவென்ற பிள்ளை. சீக்கிரமே நடந்தாள், அதைவிடச் சீக்கிரம் பேசினாள். அவளுக்கு ஐந்து வயது தாண்டியபோது நான் ஜெர்மனிக்கு வந்துவிட்டிருந்தேன். அக்கா போனில் சொன்னாள்: “ஷீலா, இவ நடக்கறப்போ தள்ளாடறாடி. குடிச்சவன் மாதிரி காலை அகட்டி அகட்டி வெக்கிறா. சிலேட்ல எழுத்து கோணிக்கினு போவுது.” இன்னொன்றும் சொன்னாள். கூப்பிட்டால் முதலில் தலையைத் திருப்புகிறாளாம். கண் அதற்குப் பிறகுதான் மெதுவாக வந்து சேருகிறதாம்.

வேலூர் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்கள். சிறுமூளை சுருங்கியிருப்பதாக ஸ்கேன் காட்டியது. காரணம் என்ன என்று அக்கா கேட்டாள். தெரியவில்லை என்று டாக்டர் நேர்மையாகச் சொன்னார். அப்போது அது உலகத்தில் யாருக்கும் தெரியாது. வழக்கமாகக் கேட்கும் கேள்விகளோடு, “அப்பா என்ன வேலை செய்றார்?” என்றும் கேட்டிருக்கிறார். “டேனரியில் டிரம் செக்‌ஷன்” என்று சொல்லும்போதே மாமா தன் கைகளைக் குனிந்து பார்த்தாராம்.

அடுத்த வாரம் அவர் வேலைக்குப் போகவில்லை. முதலாளி ஆள் விட்டுக் கூப்பிட்டும் போகவில்லை. “இந்தக் கையாலதான் அதுக்கு சோறு ஊட்டுனேன்,” என்று மட்டும் அப்பாவிடம் சொன்னார். பிறகு ஷேர் ஆட்டோ ஓட்டப் பழகிக்கொண்டார்.

பக்கத்து வீட்டு ஜைத்தூன் அக்காதான் தெருப் பெண்களைச் சேர்த்துக்கொண்டு குழாய்த் தண்ணீர் கேட்டு மனு கொடுக்க ஆரம்பித்தார். நல்ல உயரம், நல்ல குரல். எந்த அலுவலகத்துக்குப் போனாலும் பிரிஸ்காவையும் அக்காவையும் முன்னால் நிறுத்துவார். “பாருங்க சார், எங்க தண்ணி ஒரு புள்ளைய இன்னா பண்ணி வெச்சிருக்குன்னு.” அக்கா ஒரு ஆரம்பப் பள்ளி ஆசிரியை. கூட்டத்தில் பேசிப் பழக்கமில்லாதவள். ஆனால் அந்த வார்த்தையைக் கேட்கும்போதெல்லாம் அவள் முதுகு நிமிரும். கோபப்பட ஓர் இடம் இருந்தது அவளுக்கு.

3

அதே ஆண்டுகளில், ஐயாயிரம் மைல் தள்ளிக் கடற்காற்று ஊளையிடும் ஒரு வட ஜெர்மன் ஊரில், நான் சாரப் புரதத்தோடு மன்றாடிக்கொண்டிருந்தேன்.

நம் செல்களில் டி.என்.ஏ. என்பது இரண்டு இழைகளை முறுக்கிய நூல். அது நாள் முழுக்க அங்கங்கே அறுந்துகொண்டே இருக்கிறது. விஷமும் புகையும் வேண்டாம், மூச்சுவிடுவதே போதும். ஓர் இழை அறுந்தால் உடனே ஒரு காவல்காரப் புரதம் அந்த இடத்தில் வந்து ஒட்டிக்கொண்டு கூக்குரல் கொடுக்கும். அதைக் கேட்டு வருவதுதான் சாரப் புரதம். அது எதையும் வெட்டாது, எதையும் ஒட்டாது. ஆனால் வெட்டுகிறவர்களையும் ஒட்டுகிறவர்களையும் அறுந்த இடத்தில் ஒன்றாகப் பிடித்து நிறுத்திவைக்கும். பிசிறை நீக்க ஒரு புரதம், விட்டுப்போன எழுத்தை நிரப்ப ஒரு புரதம், கடைசியில் நூலை ஒட்ட ஒரு புரதம். சாரம் இல்லையென்றால் இவர்கள் செல்லுக்குள் ஆளுக்கொரு பக்கம் அலைந்துகொண்டிருப்பார்கள். அறுந்தது அறுந்தபடியே கிடக்கும்.

கண்ணாடித் தட்டில் வளரும் செல்களின் டி.என்.ஏ.வை வேண்டுமென்றே அறுத்துவிட்டு, சாரம் வந்து சேருகிறதா என்று பார்ப்பது என் வேலை. நுண்ணோக்கியில் அது பச்சைப் புள்ளியாகத் தெரியும். பழுது சரியானதும் புள்ளி மறையும். இப்படிப் புள்ளி தோன்றி மறைவதைப் பார்த்தே என் முப்பதுகள் கழிந்தன.

இரண்டாயிரம் பிறந்து சில ஆண்டுகள் ஆனபின் ஒருநாள், வெளியூரிலிருந்து வந்த ஓர் ஆய்வாளர் எங்கள் துறையில் பேசினார். குழந்தைகளுக்கு வரும் ஒரு நரம்பு நோயின் மரபணுவைக் கண்டுபிடித்துவிட்டார்கள். அந்த மரபணு உண்டாக்கும் புரதம் உங்கள் சாரத்தைத்தான் பற்றிக்கொண்டு நிற்கிறது. நூலை ஒட்டும் வேலை பாதியில் கெட்டுப்போனால் அந்த முனையைச் சுத்தம் செய்வது அதுதான் போலிருக்கிறது என்றார். எங்களுக்கெல்லாம் ஒரே உற்சாகம். எங்கள் சாரத்துக்கு இன்னொரு வேலைக்காரன் கிடைத்துவிட்டான்! பிறகு அவர் ஒரு சிறு வீடியோ போட்டார். ஏதோ ஒரு நாட்டுக் குழந்தை. மருத்துவர் பக்கவாட்டில் ஒரு பொம்மையைக் காட்டுகிறார். குழந்தையின் தலை சட்டென்று திரும்புகிறது. கண்கள் பின்னால் தங்கி, மெதுவாக வந்து சேருகின்றன.

என் பக்கத்தில் இருந்தவர் ஏதோ கேட்டார். எழுந்து வெளியே வந்து கை கழுவும் தொட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அந்தக் குழந்தைகளுக்குச் சாரம் சரியாகத்தான் இருக்கிறது. அதைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டிய ஒருவன் இல்லை. தோல், குடல் போன்ற இடங்களில் செல்கள் தேய்ந்தாலும் புதிது வரும். மூளை நரம்புச் செல்கள் அப்படியல்ல. பிறந்தபோது இருந்ததையே ஆயுள் முழுக்க வைத்துக்கொள்ள வேண்டும். சின்னச் சின்னப் பழுதுகள் சேர்ந்து சேர்ந்து, முதலில் சிறுமூளை தளரும். நடை போகும், கை நடுங்கும், பேச்சு குழறும். அறிவு தெளிவாக இருக்கும். இதற்கு மருந்து கிடையாது. இதை எழுதும்போதும் கிடையாது.

4

சந்தேகம் வேறு, நிரூபணம் வேறு. பிரிஸ்காவின் ரத்தத்தைச் சோதிக்கப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும். அது அவர்கள் தாய்மொழியில் இருக்க வேண்டும். நானே தமிழில் எழுதிக்கொண்டுபோனேன். ஒப்புதல்களைக் கவனிக்கும் அம்மாள் மூக்குக்கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். “நீங்கள் குழந்தையின் உறவினர். உங்கள் மொழிபெயர்ப்பு செல்லாது. சத்தியப்பிரமாணம் செய்த மொழிபெயர்ப்பாளர் வேண்டும்.” எங்கள் ஊரில் தமிழுக்கு அப்படி ஒருவர் இல்லை. இரண்டு ரயில் மாறிப் போய் ஒருவரைக் கண்டுபிடித்தேன். ஈழத்துக்காரர், வயதானவர், அகதியாக வந்து பல காலம் ஆனவர். தேநீர் வைத்துக் கொடுத்துவிட்டுக் கேட்டார்:

“பிள்ளைக்கு என்ன வருத்தம்?”

“அவளுக்கு வருத்தம் ஒன்றும் இல்லை ஐயா. சிரித்துக்கொண்டுதான் இருப்பாள். வருத்தமெல்லாம் அக்காவுக்குத்தான்.”

அவர் குழம்பிப்போய் என்னைப் பார்த்தார். அவர்கள் ஊரில் நோயைத்தான் வருத்தம் என்பார்களாம். புரிந்ததும் இருவருக்கும் சிரிப்பு வந்தது. பிறகு நான் அழுதுவிட்டேன். அவர் முத்திரை குத்திக் கொடுத்தார்.

அதற்குப் பிறகும் ரத்தம் கடல் தாண்டி வர அனுமதி, வந்ததை வாங்க அனுமதி, ஒருமுறை சுங்கத்தில் தங்கிக் கெட்டுப்போனதால் மறுபடி முதலிலிருந்து எல்லாம். ஓராண்டுக்கு மேல் ஆனது. முடிவு வந்தபோது அதில் ஒன்றும் திகைப்பு இல்லை. பிரிஸ்காவிடம் இருந்த அந்த மரபணுவின் இரண்டு பிரதிகளிலும் அதே இடத்தில் அதே பிழை. ஒன்று அக்கா கொடுத்தது, ஒன்று மாமா கொடுத்தது. இருவருக்கும் ஒரே தாத்தா வழியாக வந்திருக்க வேண்டும்.

தண்ணீர் இல்லை. குரோம் இல்லை. மாமாவின் கை இல்லை.

5

போனில் சொல்ல முடியாது என்று, ஹன்னாவையும் கூட்டிக்கொண்டு அந்த மே மாதம் ஊருக்குப் போனேன். பிரிஸ்காவுக்கு அப்போது பதின்மூன்று, ஹன்னாவுக்கு ஒன்பது. பிரிஸ்கா சக்கர நாற்காலிக்கு வந்துவிட்டிருந்தாள். கை நடுக்கத்தோடு தலையும் எந்நேரமும் லேசாக ஆடிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு சொல்லாக இழுத்து, நடுவில் மூச்சு வாங்கித்தான் பேசினாள். தெருவில் யாருக்கும் அது புரியவில்லை. அக்காவும் மாமாவும்தான் மற்றவர்களுக்கு எடுத்துச் சொல்வார்கள்.

ஆனால் ஹன்னாவுக்குப் புரிந்தது. ஊரில் எல்லோரும் கடகடவென்று பேசும்போது திருதிருவென்று விழிக்கும் என் மகள், பிரிஸ்காவின் நாற்காலிக்குப் பக்கத்தில் நாள் முழுக்க உட்கார்ந்திருந்தாள். “எனக்குப் புரிகிற வேகத்தில் தமிழ் பேசுவது இவள் ஒருத்திதான்,” என்றாள் என்னிடம். அந்த ஒரு மாதத்தில்தான் ஹன்னா தமிழில் பதில் சொன்னாள். அவளும் இழுத்து இழுத்து, பிரிஸ்கா மாதிரியே.

அக்காவிடமும் மாமாவிடமும் நான் சொன்னது ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச் முடிந்து வந்தபிறகு. காகிதத்தில் சாரம் வரைந்து, நூல் வரைந்து, எங்கே ஆள் குறைகிறது என்று காட்டினேன். மாமா கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு தன் இரண்டு உள்ளங்கைகளையும் திருப்பிப் பார்த்தார். டேனரி நிறம் எப்போதோ போய்விட்டிருந்தது.

“அப்ப என் கை இல்ல.”

“இல்ல மாமா. உங்க வேலைக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல.”

அவர் முகத்தில் நிம்மதி வரும் என்று எதிர்பார்த்தேன்.

“ரத்தம்,” என்றார். “கையின்னா கழுவிக்கலாம் ஷீலா.”

எழுந்து ஆட்டோவை எடுத்துக்கொண்டு போய்விட்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் வண்டி எடுப்பதில்லை.

அக்கா காகிதத்தை மடித்துக்கொண்டே இருந்தாள். “இத்தினி வருசமா அந்தத் தண்ணி மேல கோவப்பட்டுக்கினு இருந்தேன்டி. தெனம் காலைல எழுந்துக்கறதே அதுக்குத்தான். இப்ப நான் யார் மேல கோவப்படறது? செத்துப்போன தாத்தா மேலயா? என்னைக் கட்டிக்குடுத்த அப்பா மேலயா?” பிறகு, “தெருவுல சொல்லாத. ஜைத்தூன் அக்காகிட்ட சொல்லாத,” என்றாள்.

இரண்டு நாள் கழித்து பிரிஸ்கா என்னைக் கேட்டாள். ஹன்னா எங்கோ விளையாடப் போயிருந்த நேரம்.

“சித்தி... எனக்கு... இன்னா?”

அவளுக்கு அறிவில் குறையில்லை. வகுப்பில் வாய்மொழியாகக் கேட்டால் எல்லாப் பதிலும் அவளுக்குத் தெரியும் என்று அவள் டீச்சர் சொல்லியிருந்தார். அவளுக்கும் படம் வரைந்து சொன்னேன். உன் செல்களில் பழுது பார்க்கிறவர்களில் ஓர் ஆள் குறைவு. அது நீ பிறக்கும்போதே அப்படித்தான். யாரும் உனக்கு எதுவும் செய்துவிடவில்லை. அவள் படத்தை நெடுநேரம் பார்த்தாள்.

“சரியாவாதா?”

“இப்ப வழி தெரியல. தேடிக்கிட்டிருக்கோம்.”

“அப்ப... தண்ணி... இல்லியா?”

“தண்ணி இல்ல.”

அவள் சிரித்தாள். சந்தோஷமாகவே சிரித்தாள். “நான்... தண்ணிய... பாத்தாலே... பயப்படுவேன்... சித்தி.” அவளுக்கு அதுவரை ஒவ்வொரு வாய்த் தண்ணீரும் இன்னும் கொஞ்சம் தன்னை முடக்கப்போகிறது என்ற பயம் இருந்திருக்கிறது. எங்களில் ஒருவருக்கும் அது தெரியாது. அன்று மத்தியானம் அவளே கேட்டு இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்தாள்.

6

நாங்கள் திரும்ப வேண்டிய வாரத்தில், திங்கட்கிழமைக் குறைகேட்கும் நாளுக்குத் தெருப் பெண்கள் வேலூருக்குப் புறப்பட்டார்கள். புதிதாக வந்திருக்கும் அதிகாரி நல்ல மாதிரி, கேட்டால் செய்கிறவர் என்று பேச்சு. ஜைத்தூன் அக்கா வேன் பேசியிருந்தார். அக்கா போக மனமில்லாமல் இருந்தாள். “டீச்சர், நீங்களும் புள்ளையும் இல்லாம நாங்க போயி இன்னா பிரயோஜனம்? சும்மா காகிதம்தான் குடுத்துட்டு வரணும்,” என்றார் ஜைத்தூன் அக்கா. நாற்காலியைத் தூக்கி இறக்க ஆள் வேண்டுமென்று நானும் போனேன்.

பெரிய கூடம். விசிறிகளின் சத்தம், மனுக்களோடு நிற்கும் கூட்டம். எங்கள் முறை வந்தபோது அதிகாரி எழுந்து வந்து பிரிஸ்காவின் எதிரில் குனிந்து நின்றார். உண்மையாகவே நல்ல மனிதர்.

“இன்னாம்மா ஆச்சு பாப்பாவுக்கு?”

“தண்ணி சார்,” என்றார் ஜைத்தூன் அக்கா. “அந்தத் தண்ணிய குடிச்சு குடிச்சே இப்படி ஆய்ட்டா. ஓடிக்கினு இருந்த புள்ள சார். இன்னும் எத்தினி புள்ளைங்க இப்படி ஆவணும்?”

அதிகாரி அக்காவைப் பார்த்தார். “நீங்க அம்மாவா? தண்ணியாலதான்னு டாக்டர் சொன்னாங்களா?”

அக்கா வாயைத் திறந்தாள். அதற்குள் பிரிஸ்கா பேசினாள். புதியவர்கள் முன்னால் அவள் தானாகப் பேசி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. கழுத்து நரம்பு புடைக்க, முழு பலத்தையும் சேர்த்துச் சொன்னாள்.

“தண்ணி... இல்ல.”

எனக்குத் தெளிவாகப் புரிந்தது. அக்காவுக்கும் புரிந்தது. மற்றவர்களுக்கு அது ஏதோ ஓர் ஒலி.

“இன்னா சொல்லுது பாப்பா?” என்று அதிகாரி கேட்டார்.

கூடம் முழுக்க அக்காவைப் பார்த்தது. ஜைத்தூன் அக்கா, அவருக்குப் பின்னால் இடுப்பில் பிள்ளைகளோடு நின்ற பெண்கள், மனுவைக் கையில் வைத்துக்கொண்டிருந்த குமாஸ்தா. அக்கா ஒரு முறை என் பக்கம் திரும்பினாள். நான் என்ன முகம் காட்டினேன் என்று எனக்குத் தெரியவில்லை.

“தண்ணி இல்லன்னு சொல்றா சார்,” என்றாள் அக்கா. “எங்க தெருவுல குடிக்கத் தண்ணி இல்லன்னு.”

சொன்னது அதே இரண்டு வார்த்தை. ஒரு எழுத்துகூட மாறவில்லை.

அதிகாரியின் முகம் மாறிப்போனது. “கேட்டீங்களா? குழந்தையே வாய்விட்டுக் கேக்குது,” என்று பக்கத்தில் இருந்தவர்களிடம் சொன்னார். மனுவை வாங்கி அதன்மேல் எழுதினார். பிரிஸ்கா தாயை அண்ணாந்து பார்த்தாள். தலை முதலில் திரும்பியது, கண்கள் பிறகு வந்தன. வந்தபின் அங்கேயே நின்றன. அவள் மறுபடி ஏதோ சொல்ல முயன்றாள். இல்லை, இல்லை என்று தலையை ஆட்டினாள். எந்நேரமும் ஆடிக்கொண்டிருக்கும் தலை அது. அந்த ஆட்டத்துக்குள் இந்த மறுப்பை யார் பிரித்துப் பார்ப்பார்கள்?

அதிகாரி சொல்லி ஒருவர் டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்தார். அக்கா குனிந்து மகளின் வாயில் வைத்தாள். பிரிஸ்கா உதட்டை மூடிக்கொண்டாள். தண்ணீர் கன்னத்தில் வழிந்து, அன்றைக்கென்று உடுத்தியிருந்த மஞ்சள் சுடிதாரை நனைத்தது.

வேனில் ஜைத்தூன் அக்கா பிரிஸ்காவைக் கட்டிக்கொண்டு முத்தம் கொடுத்தார். “என் ராசாத்தி, நம்ம தெருவுக்கே நீதான்டி கேட்டு வாங்கிக் குடுத்த.” பெண்கள் எல்லோரும் சிரித்தார்கள். பிரிஸ்கா ஜன்னல் வழியே விரிஞ்சிபுரம் பக்கத்துத் தென்னந்தோப்புகளைப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

மறுநாள் காலை, துணி துவைத்துக்கொண்டே அக்கா என்னைக் கேட்டாள். “நெசத்த சொல்லியிருந்தா இன்னா ஆயிருக்கும்? ரத்தத்துல வந்த வியாதி, தண்ணி மேல தப்பில்லன்னு மனுவ தூக்கிப் போட்டிருப்பாங்க. தெருவுல இருக்கற மத்த புள்ளைங்க அதையே குடிச்சிருக்கணும். அது நல்ல தண்ணியா? நீ படிச்சவ, சொல்லு.”

“நல்ல தண்ணி இல்லக்கா.”

“அப்பறம்?”

அந்த ‘அப்பறம்’க்கு நான் பல நாள் பதில் தேடியிருக்கிறேன். அந்தத் தண்ணீர் மற்ற பிள்ளைகளின் நூல்களை எத்தனை இடத்தில் அறுத்திருக்கும், அவற்றில் எத்தனை ஒட்டியிருக்கும் என்று யாரும் சோதித்ததில்லை. எனக்கும் தெரியாது. அக்கா சொன்னது பொய்யா என்று கேட்டால், அதுவும் தெரியாது.

7

அடுத்த ஆண்டு தெருவுக்குக் குழாய் வந்துவிட்டது. ஒருநாள் விட்டு ஒருநாள் நல்ல தண்ணீர். முதல் குடத்தை ஜைத்தூன் அக்கா பிரிஸ்காவிடம்தான் கொண்டுவந்து இறக்கினாராம். டீ இப்போது திரிவதில்லை. சாமுவேல் மாமா இன்னும் ஆட்டோதான் ஓட்டுகிறார். வீட்டில் அதிகம் தங்குவதில்லை. விஷயம் தெரிந்ததிலிருந்து எங்கள் அப்பா அந்த வீட்டுப் பக்கம் போவதையே நிறுத்திவிட்டார். கூப்பிட்டால், முழங்கால் வலி என்கிறார்.

வேலூர் போய் வந்த அந்தத் திங்கட்கிழமையோடு பிரிஸ்கா பேசுவதை நிறுத்திவிட்டாள். முதலில் வெளியாட்களிடம் மட்டும் என்று நினைத்தார்கள். பிறகு அக்காவிடமும் பேசவில்லை, மாமாவிடமும் பேசவில்லை. வேண்டும் என்றால் ஒருமுறை கையைத் தூக்குவாள். வேண்டாம் என்றால் கண்ணை மூடிக்கொள்வாள். ஹன்னா இரண்டு முறை போனில் கூப்பிட்டுப் பார்த்தாள். “பிரிஸ்கா... நான்... ஹன்னா” என்று இழுத்து இழுத்துத் தமிழில் பேசினாள். அந்தப் பக்கம் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. அதன்பிறகு ஹன்னா தமிழில் எதுவும் சொல்லி நான் கேட்கவில்லை. விடுமுறைக்கு ஊருக்கு வருகிறாயா என்றால், தோழியோடு கடற்கரை முகாமுக்குப் போகிறேன் என்கிறாள்.

எங்கள் ஆய்வகத்தில் சாரத்தைப் பற்றி இன்னும் சில விஷயங்கள் தெரிந்திருக்கின்றன. யார் எந்தக் கம்பைப் பிடிக்கிறார்கள், எந்த வரிசையில் வருகிறார்கள் என்றெல்லாம். பிரிஸ்காவுக்கு உதவும்படி ஒன்றும் இல்லை. இருந்தால் வகுப்பறையில் அந்தப் பையனிடம் சொல்லியிருப்பேன்.

போன மாதம் அக்கா கூப்பிட்டாள். சம்பளம், பரீட்சை, பக்கத்து வீட்டு நிக்காஹ் என்று ஏதேதோ பேசிவிட்டுக் குரலைத் தாழ்த்தாமலே கேட்டாள்.

“டாக்டர்கிட்ட போயிருந்தோம்டி. வியாதி நாக்குக்கு எறங்கிடுச்சாம். அதான் பேச்சு நின்னுபோச்சுன்னு சொல்றாரு. அப்படித்தானே ஷீலா? நீ அதத்தானே படிக்கிற. வியாதியாலதானே?”

இந்த நோய் நாக்கைத் தளர்த்தும், அது உண்மை. ஆனால் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தும். ஒரு திங்கட்கிழமையோடு நிறுத்திவிடாது.

“ஸ்பீக்கர்ல போட்டிருக்கேன்,” என்றாள் அக்கா. “அவளும் பக்கத்துலதான் இருக்கா. சொல்லு.”

நான் ரிசீவரை மறு காதுக்கு மாற்றிக்கொண்டேன்.

“ஆமாக்கா,” என்றேன். “வியாதிதான்.”

அந்தப் பக்கம் சக்கர நாற்காலி மெதுவாகத் திரும்பி உருளும் சத்தம் கேட்டது.

“எங்கடி போற?” என்று அக்கா கேட்டாள். சத்தம் தூரமாகிக்கொண்டே போனது.